சராசரிக்குப் பின்னால் ஒரு தறி

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் நெய்கிற பெரியவரிடம், பூமியைச் சூடாக்குவதில் இந்தியரின் பங்கு சொற்பம்தான் என்று ஒருநாள் சொன்னேன். மிதியிலிருந்து காலை எடுக்காமலே கேட்டார்: “இந்தியர்னா யாரு தம்பி? என் தறிக்குக் கரண்டே வேணாமே. பல்பு ஒண்ணு, ஃபேன் ஒண்ணு. அந்தக் கணக்குல நானும் சேர்த்தியா?” அந்தக் கேள்வியைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறேன்.

1991இல் தில்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறுநூல் கொண்டுவந்தார்கள். ஏழை நாட்டின் நெல்வயலையும் பணக்கார நாட்டின் காரையும் ஒரே தராசில் வைத்துப் பழியைப் பங்கிட்ட அமெரிக்க ஆய்வு நிறுவனமொன்றின் கணக்கை அது மறுத்தது. பிழைப்புக்கான புகை வேறு, சொகுசுக்கான புகை வேறு. தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள் என்றது. நியாயமான வாதம். இன்றும் ஆண்டுக்கு ஓர் இந்தியர் பேரில் ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு. அமெரிக்கர் பேரில் 14 டன்னை ஒட்டி. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில், நிலக்கரியைக் ‘கைவிடுவது’ என்ற சொல்லைக் ‘குறைப்பது’ என்று இந்தியா மாற்றவைத்தபோது பின்பலமாக நின்றதும் இந்தச் சராசரிதான்.

எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை. வெளியே வாய் கிழியப் பேசுகிற சராசரி, நாட்டின் எல்லைக்குள் வந்ததும் ஊமையாகிவிடுகிறதே, அதோடுதான். ‘வளர்ச்சி’ என்கிற பெருங்கதையாடலுக்குள் நெசவாளர் ஒரு வகுத்தி மட்டுமே. மொத்தப் புகையை வகுத்துச் சிறிதாக்கிக் காட்ட அவர் தலை தேவைப்படுகிறது. நெய்வேலியைப் பாருங்கள். 1956இல் தொடங்கிய நிறுவனம். பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம்; அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியேறும் கரியும் அதிகம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற பயிரின்மேல் பொக்லைன் ஏறியது. எங்கள் மாவட்டத்திலேயே, 2022இல் அறிவித்த பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலமும் ஏரியும் தர மாட்டோமென்று ஏகனாபுரத்துக்காரர்கள் ஆயிரம் நாளைத் தாண்டிப் போராடினார்கள். அந்த விமானத்தில் யார் ஏறுவார்?

இதைச் சொல்கிறபோதே எனக்கு ஒரு சங்கடம். கரண்டு வெளிச்சத்தில் படித்துத்தான் நான் எம்.ஏ. முடித்தேன். குழித்தறியைப் ‘பசுமைத் தொழில்’ என்று கொண்டாடுவதும் ஒரு மோசடி. பெரியவரின் புகை குறைவாக இருப்பது அவர் எடுத்த விரதத்தால் அல்ல, கூலி போதாததால். மற்றவர் சொகுசுக்குப் பட்டு நெய்துவிட்டு, பிழைப்புக்கான புகையைக்கூட அளந்து விடுகிறார். அவர் பையன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் போகிறான். போகாதே என்று சொல்ல நான் யார்?

ஆனால் ஒன்று கேட்கலாம். அகர்வாலும் நாராயணும் நாடுகளுக்கிடையே போட்ட கணக்கை நாட்டுக்குள்ளும் போட்டாக வேண்டும். யாருடைய புகைக்காக யாருடைய வயல் போகிறது, யாருடைய இல்லாமை யாருக்குச் சலுகையாகிறது என்று எழுதிக் காட்டட்டும். அதுவரை பெரியவரின் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான்: வகுக்கும்போது நீங்களும் சேர்த்தி, பங்கிடும்போது இல்லை.