மூச்சை அளந்த ஐந்து வரிகள்

ஒரு நூலைத் திறனாய்வு செய்பவர், அந்நூலின் சொல்லையும் அச்சொல் சுட்டும் வாழ்வையும் ஒருங்கே வைத்து நோக்குவர். இம்முறை காவியத்துக்கும் கவிதைக்கும் மட்டுமே உரியதன்று. மருத்துவர் நோயாளியிடம் கேட்கும் வினாவும் சொற்களால் ஆனதே. வினா பிழைத்தால் விடை பிழைக்கும். விடை பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். ஆதலின், நாட்பட்ட நுரையீரல் நோய் பற்றிய ஆராய்ச்சியில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக வழங்கிவரும் ஐந்து வரிகளை ஒரு நூலைப் போலவே எடுத்து ஆராய்வது தகும். அவ்வரிகள் மூச்சுத் திணறலை அளக்க எழுந்தவை. நோயாளி தன் நோயைப் பற்றிக் கூறும் சொல்லுக்கு மருத்துவ ஆராய்ச்சியில் என்ன மதிப்பு என்னும் பெரிய வினா அவற்றினுள் அடங்கிக் கிடக்கிறது.

அவை பிறந்த இடத்தை முதலில் அறிதல் வேண்டும். தென் வேல்ஸ் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தோரின் நுரையீரலில் கரித்தூசு படிந்து, பல்லாயிரவர் மூச்சுவிட இயலாது முடங்கினர். பிரிட்டனில் இந்நோய்க்கு இழப்பீடு வழங்கும் ஏற்பாடு 1943-ஆம் ஆண்டில் விரிவாக வந்தது. பின்னர் 1945-ஆம் ஆண்டில் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றம் கார்டிப் நகரை அடுத்து ஓர் ஆராய்ச்சிப் பிரிவை நிறுவியது. அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர் டாக்டர் சார்லஸ் பிளெட்சர். எக்ஸ்-கதிர்ப் படம் தூசின் நிழலைக் காட்டிற்று. ஆனால் அந்த மனிதன் எவ்வளவு இயலாதவனாகிவிட்டான் என்பதைக் காட்டவில்லை. அதனை அறிய அவனையே கேட்பதன்றி வேறு வழியில்லை. அவ்வாறு கேட்கப் பிறந்தவையே இவ்வரிகள். பிளெட்சர் 1952-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் அவற்றின் முன்வடிவம் காணப்படுகிறது. 1959-ஆம் ஆண்டில் மற்றும் மூவரோடு சேர்ந்து அவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை அவற்றை உலகறியச் செய்தது.

அவற்றின் கருத்து இது. முதற்படியில் உள்ளவனுக்குக் கடுமையான உழைப்பின்போது மட்டுமே மூச்சு வாங்கும். இரண்டாம் படியில், சமநிலத்தில் விரைந்து நடக்கும்போதோ சிறு மேட்டில் ஏறும்போதோ வாங்கும். மூன்றாம் படியில் அவன் தன் வயதினரினும் மெதுவாக நடப்பான். அல்லது தன் நடையிலேயே நடந்தும் மூச்சுக்காக நிற்பான். நான்காம் படியில், ஏறத்தாழ நூறு கெசம் நடந்ததும் நின்றுவிடுவான். ஐந்தாம் படியில் வீட்டை விட்டு வெளியேறவும் இயலாது. ஆடை உடுத்தும்போதும் களையும்போதும் மூச்சு முட்டும்.

இவ்வரிகளின் முதற் சிறப்பு எளிமை. மருத்துவக் கலைச்சொல் ஒன்றேனும் இவற்றில் இல்லை. மேடு, சமநிலம், நடை, ஆடை என்பன எவர் வாழ்விலும் உள்ளவை. குறுகிய பள்ளத்தாக்குகளில் வரிசை வரிசையாக வீடு கட்டி வாழ்ந்த சுரங்கத் தொழிலாளிக்கு மேடு என்பது வெறுஞ்சொல் அன்று. கடைக்குச் செல்லவும் அண்டை வீட்டாரைக் காணவும் அவன் நாள்தோறும் ஏறிய வழி அது. இரண்டாம் சிறப்பு, உணர்ச்சியை விடுத்துச் செயலைக் கேட்பது. எவ்வளவு துன்பப்படுகிறாய் என்று கேட்டால், சொல்வன்மை உடையவன் மிகுதியாகக் கூறுவான். கூச்சம் உடையவன் குறைத்துக் கூறுவான். எங்கே நிற்கிறாய் என்று கேட்டாலோ இருவரும் ஒரே வகையில் விடையளிக்க இயலும். எழுத்தறிவு குறைந்தவனையும் சான்றாளனாக்கும் வினா இது என்பது போற்றத்தக்கது.

குறைகளும் உள. மூன்றாம் படி இருவேறு செய்திகளை 'அல்லது' என்னும் ஒரு சொல்லால் பிணைக்கிறது. மெதுவாக நடப்பவனும் நின்று நின்று நடப்பவனும் ஒருவரல்லர். ஐந்தாம் படியும் அவ்வாறே. வெளியே செல்ல முடியாதவன் வீட்டினுள் எளிதாக ஆடை மாற்றக்கூடும். இனி, 'தன் வயதினர்' என்னும் அளவையும் உறுதியானதன்று. தெரு முழுவதும் தூசுண்ட நுரையீரலோடு வாழும் ஊரில், தளர்ந்த நடையே இயல்பான நடையாகிவிடும். அங்கே நோயாளி தான் பின்தங்கியதை உணரான்.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. மூச்சு வாங்கும் என்று அஞ்சி மேடு ஏறுவதையே கைவிட்டவனுக்கு மேட்டில் மூச்சு வாங்குவதில்லை. அவன் தன் வாழ்வைச் சுருக்கிக்கொண்டுள்ளான். அச்சுருக்கத்தை இவ்வரிகள் கேட்பதில்லை. இரவின் உறக்கமின்மை, திணறலின்போது எழும் அச்சம், பிறர் முன் இருமும் நாணம் ஆகியவற்றுக்கும் இவற்றில் இடமில்லை.

மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடரும் ஈண்டுக் கருதற்குரியது. மூச்சு வாங்குதல், மூச்சிரைப்பு, திணறல், நெஞ்சடைப்பு, இளைப்பு எனத் தமிழில் பல சொற்கள் உள. இவை ஒரு பொருள் குறித்தன அல்ல. இளைப்பு என்பது களைப்பையும் குறிக்கும். இளைத்தல் என்பது உடல் மெலிதலையும் குறிக்கும். வினாத்தாளில் அச்சொல்லை இட்டால், ஒருவர் மூச்சைப் பற்றியும் மற்றொருவர் சோர்வைப் பற்றியும் விடையளிப்பர். இரண்டும் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாகப் பதிவாகிவிடும். சொல்லாராய்ச்சி மொழியாசிரியரோடு நின்றுவிடும் பணியன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

நோயாளியின் சொல் எப்போதும் மெய்யையே காட்டும் என்று கொள்வதும் தவறு. இதனை மெய்ப்பித்தவரும் பிளெட்சரே. இலண்டனில் பணிபுரிந்த 792 ஆடவரை எட்டாண்டுக் காலம் தொடர்ந்து ஆராய்ந்து, ரிச்சர்டு பீட்டோ முதலியோருடன் அவர் 1976-ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். இருமலும் சளியுமே மூச்சுக் குழலை அடைத்து நோயை முற்றச் செய்கின்றன என்பது அந்நாள்வரை பலர் கொண்ட கருத்து. நோயாளிகள் முதலில் முறையிட்டதும் சளியைப் பற்றியே. ஆனால் சளி மிகுதலும் காற்று வழி அடைபடுதலும் புகைப்பழக்கத்தால் விளையும் இருவேறு கேடுகள் என அந்நூல் காட்டிற்று. புகைப்பதை நிறுத்தியவருக்கு இழந்த மூச்சு மீளாவிடினும், மேலும் இழக்கும் விரைவு குறையும் என்பதும் புலனாயிற்று. இவ்வுண்மையை உணர்த்தியது, ஒரு விநாடியில் விசையோடு ஊதி வெளியிடும் காற்றின் அளவு. முறையீட்டை மட்டும் கேட்டிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

அந்த வெற்றியின் பின் எண்ணே ஆட்சி செய்தது. ஊதிய காற்றின் அளவே நோயின் அளவு என்று பல்லாண்டுகள் கருதப்பட்டது. இலண்டனில் 100 நோயாளிகளை ஆராய்ந்து 1999-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இக்கருத்தை அசைத்தது. பழைய ஐந்து வரிகளுக்கு நோயாளிகள் கூறிய விடைகள், அவர்கள் நடக்கவல்ல தொலைவோடும் அன்றாட வாழ்வின் நிலையோடும் பொருந்தின. ஊதிய காற்றின் அளவோடு பொருந்தவில்லை. ஜப்பானில் நிஷிமுராவும் உடன்பணியாளரும் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வோ இன்னும் வியப்புக்குரியது. எவர் ஐந்தாண்டு உயிரோடிருப்பர் என்பதை, காற்றின் அளவைக் காட்டிலும் மூச்சுத் திணறலின் படியே நன்கு முன்னறிவித்தது. நோயாளியின் சொல், கருவி காணாத ஒன்றைக் கண்டிருந்தது. இதன்பின் 2011-ஆம் ஆண்டில், 'கோல்டு' எனப்படும் உலக வல்லுநர் குழு நோயை வகைப்படுத்தும்போது நோயாளியின் முறையீட்டையும் சேர்த்துக் கணிக்கத் தொடங்கிற்று.

இடையே புதிய வினாத்தாள்களும் தோன்றின. இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவப் பள்ளியில் பால் ஜோன்சும் உடன்பணியாளரும் உருவாக்கி 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட வினாத்தாள், நோய் வாழ்வின் பல கூறுகளைக் குலைப்பதை விரிவாகக் கேட்டது. 2009-ஆம் ஆண்டில் எட்டே வினாக்கள் கொண்ட சுருக்கமான தாள் வந்தது. பழைய வரிகள் விட்டுவிட்ட உறக்கமும், வீட்டை விட்டு வெளியே செல்லும் துணிவும் அதில் இடம்பெற்றன. மேடும் அதில் மறையவில்லை. மேடில்லாத ஊரினர்க்காக அதனருகே மாடிப்படியும் வந்து சேர்ந்தது. அரை நூற்றாண்டுக் குறையொன்று இவ்வாறு ஓரளவு நீங்கிற்று.

ஆயினும் கட்டத்தில் குறியிடுவது வேறு. பங்கு கொள்வது வேறு. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கையில் நோயுற்றவனை முதற்கண் வைக்கிறது. அவன் மருத்துவத்தின் பொருள் மட்டும் அல்லன்; அதன் ஒரு கூறு. அப்படியாயின், நோய் திடீரென மிகும் வேளையில் என்ன செய்வதென அவனுக்கே கற்பித்துப் பொறுப்பையும் ஒப்படைத்தால் என்ன?

இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகள் ஒருமுகமானவை அல்ல. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 191 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2003-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றோர் நோய் மிகுந்து மருத்துவமனையில் சேர்வது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் 426 பேரிடம் நடந்த ஆய்வோ இடையிலேயே நிறுத்தப்பட்டது. பயிற்சியும் மருந்தும் தொலைபேசி அறிவுரையும் பெற்ற பிரிவில் 28 பேரும், வழக்கமான மருத்துவம் பெற்ற பிரிவில் 10 பேரும் இறந்தனர். அம்முடிவு 2012-ஆம் ஆண்டில் வெளியாயிற்று; அவ்வேறுபாட்டின் காரணத்தை ஆய்வாளரால் தெளிவாகக் காட்ட இயலவில்லை. அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத்திலிருந்து வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றோருள் 42 விழுக்காட்டினரே தம் நோயைத் தாமே ஆளக் கற்றனர். வயதில் இளையோரும், பிறரோடு சேர்ந்து வாழ்வோருமே பெரும்பாலும் அதில் வென்றனர்.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை விளங்கும். நோயாளியின் பங்கு என்பது கேட்பதற்கு இனிய முழக்கம். ஆனால் முழக்கம் மருந்தாகாது. எந்தப் புதிய மருந்தையும் போலவே இதனையும் கடுமையாகச் சோதித்தல் வேண்டும். தனியே வாழும் முதியவரிடம் மாத்திரையையும் அறிவுரைத் தாளையும் கொடுத்துவிட்டு, பங்களித்துவிட்டோம் என்று கூறுவது பொறுப்பைக் கைமாற்றுவதேயாகும். அவர் எதற்கு அஞ்சுகிறார், எவர் துணையோடு வாழ்கிறார், எதனை முதலில் மீளப் பெற விரும்புகிறார் என்பவற்றைத் திட்டம் வகுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். வினாவுக்கு விடை கூறும் உரிமையோடு, வினாவை அமைக்கும் உரிமையும் சேர்ந்தால்தான் அது பங்கு எனப்படும்.

பிளெட்சர் நோயாளியின் நிலையை அறியாதவர் அல்லர். தாமே நீரிழிவோடு வாழ்ந்தவர் அவர். மருத்துவர் நோயாளியோடு பேசும் முறை பற்றி 1973-ஆம் ஆண்டில் ஒரு தனி நூலே எழுதினார். எனினும் அவர் வகுத்த ஐந்து வரிகள் எங்கே நிற்கிறாய் என்று கேட்பதோடு நின்றுவிட்டன. மேட்டின் நடுவே நின்று மூச்சு வாங்கியவன் எதற்காக அம்மேட்டில் ஏறினான் என்பது கேட்கப்படவில்லை. வேலைக்கா, நண்பனைக் காணவா, பேரப்பிள்ளையை அழைத்துவரவா என்று அறிந்தால், எந்த மருத்துவம் அவனுக்குப் பயன்படும் என்பதும் தெரியவரும். அவ்விடையை எழுத ஓர் ஆறாம் வரி வேண்டும். அதனை மருத்துவரும் நோயாளியும் கூடியிருந்து எழுதுவதே தக்கது.