தொடுதோலும் தோட்டத்துக் கால்களும்: கைவினைத் தோற்காலணியின் அழகியல் குறித்து

முன்னுரை

கையால் வெட்டித் தைக்கப்பட்ட தோற்காலணிக்கு, சிறப்பாக உழைப்பாளருக்கென்று தோன்றிய கனத்த பூட்சுக்கு, அண்மைக் காலத்தில் உலகெங்கும் புதிய மதிப்பு உண்டாகியிருக்கிறது. வயலிலோ சுரங்கத்திலோ உழைத்தறியாதவர்களும் அதனை மிகுந்த விலை கொடுத்து வாங்குகின்றனர். இக்கவர்ச்சி வெறும் நாகரிக மோகமா, அன்றி அதற்கு ஆழமான காரணம் உண்டா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. விடையைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் பின்னணியில் வைத்து உரசிப் பார்ப்பது நம் நோக்கமாகும்.

கவர்ச்சியின் காரணங்கள்

இக்காலணியின் அமைப்பே முதற்காரணம். மேற்பகுதியையும் உட்தளத்தையும் ஒரு தோற்பட்டையோடு சேர்த்துத் தைத்து, பின்னர் அப்பட்டையோடு அடித்தளத்தைத் தனியே தைப்பது பழைய முறை. அடித்தளம் தேய்ந்தால் அதனை மட்டும் பிரித்து மாற்றலாம். மேற்பகுதி பல்லாண்டு நிற்கும். பசையால் ஒட்டப்படும் மலிவான காலணிக்கு இவ்வாய்ப்புப் பெரும்பாலும் இல்லை. அடுத்து, தோல் அணிபவரின் காலுக்கு இசைந்து கொடுக்கிறது. விரல்களின் மடிப்பும் குதிகாலின் அழுத்தமும் நாளடைவில் அதில் பதிகின்றன. எனவே, பழைய பூட்ஸ் ஒன்றில் இருவர் உழைப்புப் பதிந்திருக்கிறது எனலாம். ஒன்று தைத்தவரின் கை. மற்றொன்று நடந்தவரின் கால். இக்கவர்ச்சி போலியானதன்று என்பதே நம் கருத்து. ஆயினும், அவ்விருவரையும் சேர்த்துக் காணும்போதே அது முழுமை பெறும்.

பெரும்பாணாற்றுப்படையின் பார்வை

இத்தகைய பார்வை தமிழுக்குப் புதியதன்று. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் காலணி ஈரிடத்துக் குறிக்கப்படுகிறது. பெருவழியில் செல்லும் சாத்து வணிகர் அணிந்ததைப் புலவர் ‘அடிபுதை அரணம்’ என்கிறார். காலைப் புதைத்துக் காக்கும் அரண் என்னும் இத்தொடர் இன்றைய பூட்சுக்கும் பொருந்தக் காண்கிறோம். ஆயர் அணிந்ததை அவர் ‘தொடுதோல்’ என்கிறார். அங்கே புலவரின் கண் தோலோடு நின்றுவிடவில்லை. தோல் அழுந்தியதால் வடுப்பட்ட வலிய அடியின்மேல் சென்று பதிகிறது. பொருளைக் காண்பவர் அப்பொருளுக்குரிய உடலையும் காண வேண்டும் என்னும் நெறியை இங்கு உணரலாம். எனினும், அத்தோலைத் தைத்தவர் அப்பாட்டிலும் இடம்பெறவில்லை என்பதை நாம் மறைத்தற்கில்லை.

யாருடைய கால்?

மேலைநாட்டுத் திறனாய்விலும் இச்சிக்கல் எழுந்துள்ளது. தேய்ந்த காலணிகளை வான் கோ 1886இல் ஓவியமாகத் தீட்டினார். அவ்வோவியத்தைப் பற்றி 1930களில் பேசிய ஜெர்மானிய மெய்யியலாளர் ஹைடெக்கர், அவை ஓர் உழவர்குலப் பெண்ணின் காலணிகள் எனக் கொண்டு, அவளுடைய மண்ணையும் உழைப்பையும் அவற்றில் கண்டார். 1968இல் கலை வரலாற்றறிஞர் மேயர் ஷாப்பிரோ இதனை மறுத்து, அவை நகரத்தில் வாழ்ந்த ஓவியரின் சொந்தக் காலணிகளே என வாதிட்டார். இருவருள் யார் கூற்றுச் சரி என்பதைவிட, இவ்விவாதம் உணர்த்தும் பாடமே நமக்கு முதன்மையானது. கால் யாருடையது என்று உறுதி செய்யாமலேயே உழைப்பின் அழகைப் பற்றி உருக்கமாக எழுதிவிட முடியும். கைவினைப் பூட்சைப் போற்றும் இன்றைய விளம்பர மொழியும் இத்தகையதே.

தோட்டத்துக் கால்கள்

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த மலைப்பகுதியில், 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன் சரிவுகளில் கொழுந்து பறிக்கத் தமிழர் அமர்த்தப்பட்டனர். அக்கால மலாயாத் தோட்டங்களில் பூட்ஸ் துரையின் அடையாளமாக இருந்தது. பாட்டாளிகளோ பெரும்பாலும் வெறுங்காலோடு உழைத்தனர். இது தோற்றம் பற்றிய செய்தி மட்டுமன்று. கொக்கிப்புழுவின் இளம்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுவது. இரத்தச் சோகையை விளைவிப்பது. ராக்கஃபெல்லர் அறநிறுவனத்தின் ஆய்வுக்குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் இந்நோயை ஆராய்ந்தது. தோட்டத்தில் காலணி என்பது அழகுக்கு முன்னர் உயிர்ப் பாதுகாப்பு ஆகும்.

உடலின்மேல் எழுதப்பட்ட இத்தகுதி வேறுபாட்டைத் தொழிலாளர் நன்கு உணர்ந்திருந்தனர். 1941இல் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்பதும் ஒன்று. கூலி உயர்வோடு இதனையும் வைத்துக் கேட்டனர் என்பது நோக்கத்தக்கது.

தைத்தவர் பக்கம் திரும்பினால் மற்றொரு முரண் புலப்படும். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் சென்னை மாகாணத்தில் பதனிடப்பட்ட தோல் பிரிட்டனுக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. முதலாம் உலகப் போரில் படைவீரர் பூட்சுகளுக்கும் அது பயன்பட்டது. அதே மாகாணத்திலிருந்துதான் மலாயாத் தோட்டங்களுக்கு ஆட்களும் அனுப்பப்பட்டனர். ஊரிலோ, தோலைத் தொட்டு உழைத்தவரைச் சாதி தீண்டத்தகாதவர் என ஒதுக்கியது. ஒடுக்கப்பட்டோர் மேல்சாதியார் தெருவில் செருப்பணிந்து நடக்கவும் தடை விதித்தது. செருப்பைச் செய்தவர் கைக்கு மதிப்பில்லை. உழைத்தவர் காலுக்குச் செருப்பில்லை.

இன்று மலைச்சரிவில் நாம் காண்பது ரப்பர் பூட்ஸ். ஈரமும் சேறும் மிகுந்த அந்நிலத்திற்கு அதுவே தக்கது. தோல் நனைந்து பூஞ்சை பிடிக்கும். அந்த ரப்பருக்கும் ஒரு வரலாறு உண்டு. உலகின் காலணிகளுக்குப் பால் இறக்கித் தந்த தமிழ்த் தொழிலாளி, தம் காலுக்கு ஒன்றின்றி நெடுங்காலம் நிரையில் நடந்தார். இப்பொழுது அச்சரிவுகளில் உழைப்போர் பெரும்பாலும் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

முடிவுரை

கைவினைத் தோற்காலணியை விரும்புவதை நாம் குறை கூறவில்லை. பழுது பார்த்துப் பயன்படுத்தத்தக்க பொருளை மதிப்பது நற்பண்பே. ஆனால், உழைப்பின் சாயலை மட்டும் விலைக்கு வாங்கி, உழைப்பவரை மறந்துவிடும் சுவை குறைபாடுடையது. தோட்ட வாழ்வைப் பாடும் நம் இலக்கியத்தை ஆராய்வோரும், கொழுந்து பறிக்கும் கையின் அழகோடு நின்றுவிடாமல், அக்கையைத் தாங்கிச் சரிவில் ஊன்றிய காலையும் நோக்குதல் வேண்டும். வடுப்பட்ட அடியைக் கண்ட சங்கப் புலவரின் பார்வையை மீட்டெடுத்து, அவர் பாடாது விட்ட கைவினைஞரையும் அதில் சேர்த்துக்கொள்வதே இக்காலத் திறனாய்வின் கடமை எனத் துணியலாம்.