எத்தனை தடவை தள்ளினார்?

"உங்கள் துணை உங்களிடம் வன்முறையாக நடந்துகொண்டாரா?" என்று கேட்டால் கல்லூரி மாணவர்கள் பலர் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். வன்முறை அவர்களுக்குச் செய்தித்தாளில் நடப்பது. "தள்ளினாரா? அறைந்தாரா? கடந்த ஓராண்டில் எத்தனை தடவை?" என்று கேட்டால், பேனா சற்றுத் தயங்கிவிட்டு ஒரு கட்டத்தில் டிக் அடிக்கும்.

நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மரே ஸ்ட்ராஸ் 1979இல் வெளியிட்ட வினாத்தாளின் சூட்சுமம் இதுதான். எவ்வளவு ஒத்துப்போகும் ஜோடிக்கும் சண்டை வருவது சகஜம் என்று முதலிலேயே சொல்லி, கூச்சத்தைப் போக்கிவிட்டுத்தான் கேள்விக்குள் நுழையும். இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வும் இந்த வழியில்தான் கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று விசாரிக்கிறது. 2019-21 சுற்றில், 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பூசிமெழுகிக் கேட்டிருந்தால் இவ்வளவு பேர் வாய் திறந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

ஆனால் ஸ்ட்ராஸ் 32 நாடுகளின் மாணவர்களிடம் தன் வினாத்தாளைக் கொண்டுபோனபோது, ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சம அளவில் தாக்குவதாகக் கணக்கு வந்தது. 1970களிலிருந்தே அவரைத் துரத்திய சர்ச்சை மறுபடி மூண்டது.

ஒரு காட்சி. அவன் கதவை மறித்து நிற்கிறான். வெளியேற வழியின்றி அவள் அவனைத் தள்ளுகிறாள். அவன் திருப்பித் தள்ள, சுவரில் மோதி விழுகிறாள். தாளில் ஆளுக்கொரு 'தள்ளினேன்', கணக்கு சமம். சண்டையில் கோபித்துக்கொண்டு விருட்டென்று வெளியேறியதற்கு அதில் ஒரு கட்டம் உண்டு. கதவை மறித்ததற்கு இல்லை!

1996இல் திருத்திய பதிப்பில் காயங்களைப் பற்றிய கேள்விகள் சேர்ந்தன. அதற்கு முந்தைய ஆண்டே சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் முடிச்சை ஓரளவு அவிழ்த்திருந்தார்: வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாவது ஒன்று, ஒருவரை அடக்கி ஆளவே அடிப்பது வேறு. பொதுக் கருத்தாய்வில் முதலாவது அதிகம் சிக்குகிறது. பெண்கள் காப்பகங்களில் இரண்டாவது. ஒரே தராசில் இரண்டையும் நிறுத்ததுதான் கோளாறு. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் "அப்போது பயந்தீர்களா?" என்று ஒரு வரி சேர்த்திருந்தாலே பாதிச் சர்ச்சை அடங்கியிருக்கும்.

இளவயதுக் காதலில் இந்த ஓட்டை இன்னும் பெரிது. காதலன் கேட்ட மறுநிமிடம் லைவ் லொகேஷன் அனுப்பும் பெண், 'எத்தனை தடவை அறைந்தார்' என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதலாம். பொய்யல்ல. அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் அனுப்பிவிடுகிறாள்.