குழித்தறியும் ஒரு பிளேடும்

எழுதுகிறவனைப் பார்த்து, "நீங்கள் எந்தப் பேனாவில் எழுதுகிறீர்கள்?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. ஆனால் அந்தப் பேனா கிடைத்துவிட்டால் பாதிக் கதை முடிந்த மாதிரி என்றொரு நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. கேட்கிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சென்ற வருஷம் அதே அசட்டுத்தனத்தை நானே செய்தேன். பேனாவுக்குப் பதில் கத்தி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆரணியில் எங்கள் தெருவில் ஒரு நெசவாளி இருக்கிறார். அறுபதைக் கடந்தவர்; நாற்பது வருஷம் ஒரே குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர். பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். தறியைப் பிரித்துவிட்டு, குழியை மூடி, தரைக்கு டைல்ஸ் போடப் போவதாக ஒருநாள் சொன்னார். வருத்தத்தோடு சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்பது போலத்தான் சொன்னார். வருத்தம் எனக்குத்தான் வந்தது. பிரிப்பதற்கு முன் அந்தத் தறியை அளந்து, ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று சுருக்கி, மாதிரி ஒன்று செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

மரத்தை அவ்வளவு மெல்லிசாகச் சீவினால் ரேகையோடு பிளந்துவிடும். ஆகவே பிளாஸ்டிக் தகடு வாங்கினேன். பாலிஸ்டைரீன் என்று பெயர். பள்ளிக்கூடக் கண்காட்சியில் பிள்ளைகள் கோபுரம் செய்கிற தெர்மாகோல் இருக்கிறதே, அதுவும் இதே வஸ்துதான்; உப்பவைத்துப் பொரியாக்கியிருக்கிறார்கள். அரிசியும் பொரியும் போல. பொருள் ஒன்றானாலும் வெட்டும் விதம் வேறு. தெர்மாகோலுக்குச் சூடேறிய கம்பி வேண்டும். கத்தி வைத்தால் மணி மணியாக உதிரும். தகட்டுக்குச் சூடு ஆகவே ஆகாது. ஏறக்குறைய நூறு டிகிரியில் அது இளகிவிடும். வேகமாகச் சுழலும் மின்ரம்பத்தை வைத்தேன். வெட்டிய வாய் உருகி, பின்னாலேயே ஒட்டிக்கொண்டது. என் முதல் செலவு அப்படிப் போயிற்று.

பிறகு வரிசையாக வாங்கினேன். அறுவைச் சிகிச்சைக் கத்தி போன்ற ஒன்று, பல்லில்லாததுபோல் தோன்றும் பொடிப் பல் ரம்பம் ஒன்று, கொக்கிமுனைக் கட்டர், நிப்பர், பச்சை நிற வெட்டுப்பாய். கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் உயர்ந்தது என்கிறார்கள். எது எதற்கு என்று சொல்பவர்கள் குறைவு. இந்த ரகசியமே இல்லாத ரகசியத்தை, பணம் செலவழித்துத் தெரிந்துகொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த தகட்டை முழுக்க வெட்டவே கூடாது. இரும்பு ஸ்கேலை வைத்து, கூரான பிளேடால் முதலில் ஒரு மெல்லிய கோடு. அதன்மேல் இன்னும் இரண்டு, மூன்று. முதல் கோட்டில் அழுத்தினால் பிளேடு தன் வழியே போகும். பிறகு கீறல் மேற்பக்கம் இருக்கும்படி பிடித்து, கீழ்நோக்கி வளைத்தால் 'டிக்' என்று நேராக முறியும். ஓரத்தில் எழும்பும் பிசிறை உப்புத்தாளில் தேய்த்துவிடலாம். தடித்த தகட்டுக்கும் அக்ரிலிக்குக்கும் கொக்கிமுனைக் கட்டர். அது கீறுவதில்லை, நூல் போலப் பிளாஸ்டிக்கைச் சுருட்டி எடுத்துப் பள்ளம் பறிக்கிறது. வளைவுகளுக்கு முறிக்கும் வித்தை பலிக்காது, ரம்பமும் அரமும்தான். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டவே வேண்டாம். பிளேடு அதன்மேல் ஏறி விரலைத் தேடி வரும்.

கடையில் வாங்கும் விமான மாதிரிகளில் இத்தனை தொல்லை இல்லை. 1936-ல் இங்கிலாந்தில் ஃப்ராக் கம்பெனியார் 'பெங்குவின்' என்ற பெயரில் பிளாஸ்டிக் விமானங்களை 1:72 அளவில் வெளியிட்ட நாளிலிருந்து, பாகங்களை அச்சில் வார்த்தே கொடுக்கிறார்கள். காம்பிலிருந்து பறிப்பது ஒன்றுதான் வெட்டு. அதற்கு நிப்பர் போதும். அதையும் பாகத்தை ஒட்டி நறுக்காமல், காம்பு கொஞ்சம் விட்டு நறுக்கி, மிச்சத்தைக் கத்தியால் சீவ வேண்டும். அவசரப்பட்டால் பிளாஸ்டிக் வெளுத்து வடுவாகும்.

இவ்வளவு வாங்கியும் கடைசியில் என் கையில் தங்கியது ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் சாதாரண ஒடிக்கும் பிளேடுதான். அதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் ஒஸாகாவைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா, வருஷம் 1956. அச்சகத்தில் காகிதம் வெட்டியவர். முனை மழுங்கியதும் முழு பிளேடையும் எறிய வேண்டியிருந்தது அவரை உறுத்தியது. செருப்புத் தைப்பவர்கள் உடைந்த கண்ணாடிச் சில்லின் புது முனையால் வெட்டுவதையும், கட்டம் கட்டமாக ஒடிகிற சாக்லேட்டையும் சேர்த்து நினைத்தார். ஒடிக்க ஒடிக்கப் புது முனை கிடைக்கும் பிளேடு பிறந்தது. வெட்டுகிறவனின் கஷ்டம் தெரிந்தவன் செய்த கருவி என்பதுதான் அதன் மேன்மை. தஞ்சாவூரில் நெட்டியைச் செதுக்கிப் பெரிய கோயில் செய்கிறவர்களைப் பாருங்கள். நீர்ச்செடித் தண்டின் அந்த வெண்மையான சோற்றில் மழுங்கிய கத்தி பட்டால் கிழிந்துவிடும். விலைகூடிய கத்தியைவிடத் தீட்டிய கத்திதான் அவர்களுக்கு முக்கியம்.

ஆறு வாரத்தில் தறி உருவாயிற்று. படமரம், விழுது, அச்சு, மிதிபலகை, மேலே ஜக்கார்டு பெட்டி, கீழே குழி. பாவு மட்டும் உபத்திரவம் தந்தது. பட்டு இழையைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்ய உலகில் கருவி கிடையாது. ஆயிரக்கணக்கான இழைகளுக்குப் பதிலாகச் சில நூறு இழைகளைக் கட்டி, பாவு போல் தோன்றச் செய்தேன். நாவலாசிரியனுக்கு இது பழகின வேலை. ஊரையெல்லாம் எழுத முடியாமல் பத்துப் பேரை எழுதுகிறோம்.

பெருமையோடு தூக்கிக்கொண்டு போனேன். அதற்குள் அவர் வீட்டில் குழி மூடி, டைல்ஸ் போட்டாகிவிட்டது. மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அளவு தெரிவதற்காக நான் கம்பியில் ஐந்தரை அங்குலத்துக்கு ஓர் ஆள் செய்து வைத்திருந்தேன். அவனை எடுத்துக் குழிக்குள் கால் மடக்கி உட்கார வைத்தார்.

"தம்பி, இவனுக்கு முட்டி இடிக்குது பாரு."

"கம்பியைச் சரியா வளைக்கல போலிருக்கு, அண்ணே."

"கம்பி சரியாத்தான் கீது. குழி சின்னது. இதுல ஒரு நாளு உக்காந்தா மறுநாளு எழுந்துக்க மாட்டான்."

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். குழியின் அளவுக்கே பெட்டியின் வெளிப்புறத்தை வெட்டியிருக்கிறேன். தகட்டின் கனம் இரண்டு மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்ந்து நான்கு. பன்னிரண்டால் பெருக்கினால் நாற்பத்தெட்டு மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். கனத்தைக் கழிக்க மறந்துபோனேன். ஒவ்வொரு வெட்டும் அரை மில்லிமீட்டர் பிசகாமல் துல்லியமாக இருந்தது. துல்லியமாகத் தப்பாக இருந்தது.

லேசர் இயந்திரத்தில் கொடுத்திருந்தால் இது நேராது என்று ஒரு நண்பர் சொன்னார். அக்ரிலிக்கை அது வெட்டுகிற அழகு அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். (கடையில் சன்போர்டு என்று விற்கும் பி.வி.சி. பலகையை மட்டும் அதில் வைக்கக்கூடாது. நச்சுப் புகை வரும்.) ஆனால் என் வரைபடத்திலிருந்த பிழையை லேசர் திருத்தியிருக்குமா? அதே பிழையை இன்னும் சுத்தமாக வெட்டியிருக்கும். ஆரணிக்காரனுக்கு இது புதிய பாடம் இல்லை. 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு கண்ட முறைப்படி, அட்டையில் துளை இருந்தால் அந்த இழை தூக்கும். துளை இல்லாவிட்டால் தூக்காது. அட்டை குத்துகிறவன் ஒரு துளையைத் தவறவிட்டால், கரையில் அந்தப் பூ வரும்போதெல்லாம் அதே இடத்தில் அதே ஊனம் வரும். குத்தூசி எவ்வளவு கூர் என்பது அங்கே கேள்வியே அல்ல.

இலக்கியத்திலும் இதைக் காண்கிறேன். இரும்பு ஸ்கேல் வைத்து வெட்டின மாதிரி வாக்கியங்கள், சந்திப்பிழை இல்லாத பக்கங்கள். உள்ளே ஒரு மனிதனை உட்கார வைத்துப் பார்த்தால் முட்டி இடிக்கிறது. எழுதியவன் சுவரை வெளியிலிருந்து அளந்திருக்கிறான். என் பழைய கதைகள் இரண்டு, மூன்றையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

குழியை மறுபடி வெட்ட வேண்டியிருந்தது. ஆனால் என் குறிப்பில் ஆழம் மட்டும் அழிந்துபோயிருந்தது. அளந்து பார்க்கக் குழி ஏது? விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் எழுந்து வாசல் திண்ணைக்கு வந்தார். விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, இரண்டு பாதங்களாலும் இல்லாத மிதிபலகையை மாறி மாறி மிதித்தார். ஒரு கணத்தில் கால் தானாக ஓரிடத்தில் நின்றது.

"இதான் ஆழம். அளந்துக்க."

அளந்துகொண்டேன். அந்த வேலைக்கு வேண்டியிருந்த கருவி ஒரு தையல் டேப். இப்போது கம்பி ஆள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறான்; முட்டி இடிக்கவில்லை. மாதிரி பெரியவர் வீட்டு அலமாரியில், பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத தட்டில் இருக்கிறது. பாவு இழைகள் குறைவு என்பதை அவர் இன்றுவரை சொல்லவில்லை.