கண்ணீர்ப் பாதையும் குழாய் உவமையும்

கண்ணீர் நாள அறுவையைப் பொதுமக்களுக்கு விளக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் ஓர் உவமையையே கையாளுகின்றன: அடைத்துக்கொண்ட குழாய்க்கு மாற்றுவழி வெட்டுவது போன்றது என்பர். உவமை எளிது, ஆனால் முழுமையன்று. அறுவைக்குப் பின் அரிதாக நேரும் சிக்கல்களை ஆராய்ந்தால் அதன் குறை புலப்படும்.

உவமையில் உண்மை இல்லாமல் இல்லை. கண்ணீர்ப்பைக்கும் மூக்குக்கும் இடையேயுள்ள எலும்பில் துளையிட்டு இரண்டையும் நேரே இணைக்கும் முறையை 1904இல் இத்தாலியரான டோட்டி வெளியிட்டார். இன்றும் அடிப்படை அதுவே. பெரும்பாலோர் நலமடைகின்றனர்.

ஆனால் கண்ணீர், குழாய்நீர் போலத் தானே வடிவதில்லை. இமை மூடும்போது நுண்குழல்கள் நசுங்கி நீரைப் பைக்குள் தள்ளுகின்றன. திறக்கும்போது விரிந்து, மீண்டும் உறிஞ்சுகின்றன. 1981இல் டோன் என்பவர் அதிவேகப் படப்பிடிப்பால் இதை விளக்கினார். ஆகவே, முகவாதத்தால் இமைத்தசை தளர்ந்தவருக்கு வழி திறந்திருந்தும் கண்ணீர் வழியலாம். அங்கே குறை குழாயில் அன்று, பம்பில்!

அடுத்து, இயற்கைப் பாதையின் கீழ்முனையில் ஒரு சவ்வு மடிப்பு உண்டு. மூக்கிலுள்ள காற்று மேலேறாமல் தடுக்க அது உதவுகிறது. புதுவழியில் அந்த வால்வு இல்லை. எனவே, மூக்கைச் சிந்தினால் சிலருக்குக் கண்ணோரம் காற்று வரும். இது பெரும்பாலும் தொல்லையே தவிர ஆபத்தன்று. ஆனால் அறுவை முடிந்த முதல் நாட்களில் பலமாகச் சிந்தினால் குருதி கசியலாம். அரிதாகக் காற்று தோலடியில் புகுந்து வீங்கலாம். 'அடைப்பு நீங்கிவிட்டது' என்று மட்டும் படித்தவர் இதை எப்படி அறிவார்?

மூன்றாவது, துளையின் இடம். தொட்டியின் பக்கச் சுவரில் உயரத்தில் துளையிட்டால், அதற்குக் கீழுள்ள நீர் தங்கிவிடும் அல்லவா? அதுபோலவே, பையின் அடிப்பகுதி திறக்கப்படாவிடில் அங்கே சளி தேங்கும். நீரைப் பீச்சிச் சோதித்தால் வழி திறந்தே இருக்கும். நோயாளியின் குறையோ தீராது. இன்னும் மேலே மண்டையோட்டின் தளம் இருக்கிறது. அதில் விரிசல் கண்டால் மூளைத் தண்டுவட நீர் மூக்கில் தெளிவாக ஒழுகும். கண்குழிக்குள் குருதி பெருகினால் கண் பிதுங்கி, வலித்து, பார்வை மங்கும். இவ்விரண்டும் மிக அரியவை. ஆயினும் உடனே மருத்துவரை நாட வேண்டியவை.

குழாய் உவமையை அடியோடு கைவிட வேண்டியதில்லை. வால்வுள்ள கைப்பம்பு என்று அதைத் திருத்தினால் போதும். நோயாளி எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்பது அப்போது விளங்கும்.