மாணவர்களிடம் ஒரு ஹோட்டலைக் கொடுத்துப் பாருங்கள்

ஹோட்டல் மேனேஜ்மென்ட் மாணவர்களுக்கு நான் எடுக்கும் வகுப்புகளில் எனக்கு உயிரானது எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: சிமுலேஷன்! வகுப்பை ஆறு அணிகளாகப் பிரிப்போம். ஒவ்வோர் அணிக்கும் சென்னையில் ஒரு ஹோட்டல், கணினிக்குள். எல்லாமே நூறு அறை, நான்கு நட்சத்திரம்; ஆரம்ப முதலும் ஒரே அளவு. ஒரு சுற்று என்றால் ஒரு மாதம். அணியில் ஒருவர் ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்), ஒருவருக்கு அறை விற்பனை, ஒருவருக்கு ஹவுஸ்கீப்பிங், ஒருவருக்கு ரெஸ்டாரன்ட்டும் பாங்க்வெட் ஹாலும், ஒருவருக்குக் கணக்கு. அறை வாடகை எவ்வளவு, ஆன்லைன் தளங்களுக்கு எத்தனை அறை, வேலைக்கு எத்தனை பேர், லிஃப்ட் பராமரிப்பை இந்த மாதமே செய்வதா தள்ளிப்போடுவதா, எல்லாம் அவர்கள் முடிவு. ஆறு அணிகளும் முடிவைக் கொடுத்ததும் ஊருக்கு வரும் விருந்தினர்களைக் கணினி பிரித்துக் கொடுக்கும். எதிர் மேஜைக்காரர்கள் வாடகையைக் குறைத்தால் இந்த மேஜையில் அறை காலியாகக் கிடக்கும். அந்த நிமிடம் வகுப்பில் எழும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்க வேண்டும்!

நம் பாடத்திட்டத்தில் ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், சமையல், பரிமாறல் என்று நான்கும் தனித்தனித் தாள்கள். நான்கிலும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஒன்றில் எடுக்கும் முடிவு இன்னொன்றின் தலையில் எப்படிப் போய் விழுகிறது என்பதைக் காட்ட மட்டும் எந்தத் தாளிலும் இடமில்லை. இண்டஸ்ட்ரியல் ட்ரெயினிங் போகும் இடத்திலும் படுக்கை விரிக்கலாம், வெங்காயம் நறுக்கலாம், பஃபே மேஜை அடுக்கலாம்; அறை வாடகையைத் தொட யார் விடுவார்கள்? சிமுலேஷன் விடுகிறது. அதனால்தான் அதன் மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

முதல் சுற்றில் எப்படியும் ஓர் அணி விலையைக் குறைத்து அறைகளை நிரப்பும். நாலாயிரம் ரூபாய்க்குத் தொண்ணூறு அறை விற்றுவிட்டுக் கைதட்டிக்கொள்வார்கள். பக்கத்து அணி ஐயாயிரத்து ஐந்நூறு வைத்து எழுபது அறைதான் விற்றிருக்கும். திரையில் ரெவ்பார் வரும். இருக்கிற அறை ஒன்றுக்குச் சராசரி வரவு. முதல் அணிக்கு 3,600, இரண்டாவது அணிக்கு 3,850. கைதட்டல் நின்றுவிடும். அப்போது ஹவுஸ்கீப்பிங் பொறுப்பில் இருக்கும் பெண் பேச ஆரம்பிப்பாள். "ஒரு ஆள் ஷிஃப்ட்டுக்குப் பதினஞ்சு ரூம்தான் பண்ண முடியும். தொண்ணூறு ரூமுக்கு ஆறு பேர். அவங்க அஞ்சு பேரை வச்சு முடிச்சிட்டாங்க. நாம கூடுதலா வித்த இருபது ரூமுக்கு லினன், சோப்பு, கரண்ட், பிரேக்ஃபாஸ்ட் எல்லாம் நம்ம செலவு." கணக்குப் பொறுப்பாளர் ஆன்லைன் தளத்தின் கமிஷனையும் கழித்துக் காட்டுவார். ஹவுஸ்ஃபுல் என்றால் லாபம் என்ற நினைப்பு அத்தோடு போயிற்று. நான் வாயே திறக்கவில்லை!

அடுத்து நான் ஆசையோடு காத்திருப்பது டிசம்பர் மாதச் சுற்றுக்கு. மார்கழிக் கச்சேரி, வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள், புத்தாண்டு என்று அறைக்கு ஏகப்பட்ட கிராக்கி. வாடகையை 7,900 ஆக்கலாம் என்பான் விற்பனைப் பையன். கணக்குப் பெண் மறிப்பாள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அதாவது 7,500 ரூபாய் அறைக்கு விருந்தினர் கொடுப்பது 7,875. ஒரே ஒரு ரூபாய் கூட்டி 7,501 ஆக்கினால் அவர் கொடுக்க வேண்டியது 8,851! ஹோட்டலுக்குக் கூடுதலாகக் கிடைப்பது அந்த ஒரு ரூபாய்தான். இதைக் கரும்பலகையில் அவளே எழுதிக் காட்டும்போது மொத்த வகுப்பும் வாய் பிளந்து பார்க்கும்.

விவகாரம் அங்கே முடிவதில்லை. ஒரு நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை 7,500க்கு மேல் விற்றுவிட்டால், அடுத்த நிதியாண்டு அந்த ஹோட்டலின் ரெஸ்டாரன்ட் பில்லுக்கும் 18 சதவீதம். ஞாயிற்றுக்கிழமை பஃபேக்கு வரும் உள்ளூர்க் குடும்பம் ஆயிரம் ரூபாய் சாப்பாட்டுக்கு 1,050க்குப் பதில் 1,180 கொடுக்க வேண்டும். "உங்க பத்து நாள் சீசனுக்காக என் ரெஸ்டாரன்ட்டை வருஷம் முழுக்கக் காலி பண்ணப் போறீங்களா?" என்று உணவுப் பிரிவுப் பையன் எழுந்தே நின்றுவிடுவான். உடனே கணக்குப் பெண், 18 சதவீதத்தில், பொருள் வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்கலாம், 5 சதவீதத்தில் எடுக்க முடியாது என்று இன்னொரு முடிச்சைப் போடுவாள். வருடம் முழுக்க 7,500க்குள் நிற்பதா, துணிந்து தாண்டிவிடுவதா? ஓர் அறை வாடகை சமையலறை வரை போய்வருவதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகம் சொல்லிவிடும்!

பாங்க்வெட் ஹாலுக்கு விலை வைக்கும் சுற்றில் இன்னொரு சந்தோஷம். வீட்டிலிருந்து தினசரி நாள்காட்டியைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். முகூர்த்த நாட்களை வட்டமிடுகிறார்கள். ஆடியில் கல்யாணம் இருக்காது, அந்த மாதம் கம்பெனி மீட்டிங்குகளைப் பிடிக்கலாம் என்கிறார்கள். கிராக்கிக்கு ஏற்ப விலையை ஏற்றி இறக்கும் இந்த வித்தையை ஹோட்டல் துறை விமானக் கம்பெனிகளிடமிருந்து கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் மாரியட் 1980களில் அதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. அந்த வித்தையை இவர்கள் ஆடி, ஆவணி, தை என்று போட்டுப் பார்ப்பதைக் காணும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அணிக்குள் நடப்பதுதான் எல்லாவற்றுக்கும் மேல். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை தன் பிரிவுக்காக ஜி.எம்.மை எதிர்த்துப் பேசுகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளை, தன் கணக்கு சரியாக இருந்தும் மற்ற நால்வரைச் சம்மதிக்க வைக்க முடியாமல் திணறி, அடுத்த சுற்றில் பொறுமையாக விளக்கக் கற்றுக்கொள்கிறது. வேலைக்குப் போனபின் காலை மீட்டிங்கில் இவர்களுக்குத் தேவைப்படப்போவது இதுவேதான். அதற்கு மதிப்பெண்ணும் தரவேண்டும். லாபத்தை மட்டும் பார்த்துப் போட்டால் பாதி பலன் போய்விடும் என்பது என் உறுதியான கருத்து.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை கொடுத்து மென்பொருள் வாங்கக் கல்லூரியில் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அறைத் தேவை, விலை, செலவு மூன்றையும் இணைக்கும் ஓர் எக்செல் ஷீட் தொடங்குவதற்குப் போதும். அணிக்கு ஐந்து பேருக்கு மேல் போடாதீர்கள், ஜி.எம். பொறுப்பைச் சுற்றுக்குச் சுற்று மாற்றிக் கொடுங்கள். அடுத்த செமஸ்டரிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.