முருங்கைப் போத்து

கோலார் தங்க வயலில் 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்த தமிழர்களின் லைன் வீடுகளுக்குத் தோதான மரம் முருங்கை. வாசலோரம் கொஞ்சம் இடமும் நடுவதற்கு வெட்டிய கிளையான ஒரு போத்தும் போதும்.

போத்துக்கு மணிக்கட்டுத் தடிமன், மூன்றடி நீளம். மேல்வெட்டில் ஓர் உருண்டைச் சாணி அப்பினால் ஈரம் வற்றாது. மண்ணுக்குள் போன பகுதியில், பட்டைக்கு அடியிலிருக்கும் செல்கள் வேலையை மாற்றிக்கொண்டு வேராகின்றன. இலை விடும்வரை தண்டில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்துதான் சாப்பாடு.

தாய்மரத்துக் காயின் ருசி போத்தில் அப்படியே வரும். விதைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. நட்டபின் தண்ணீரை மட்டும் தேங்கவிடாதீர்கள், அழுகிவிடும்.